அம்மாவின் வைரத்தோடு ஏன் மங்கலாகத் தெரிகிறது? கல்லுக்குள் ஒளி செய்யும் வேலை

அம்மாவின் ஏழு கல் வைரத்தோடு மங்கிப்போய்த் தெரிகிறது, போன மாதம் நீங்கள் வாங்கிய அமெரிக்கன் டைமண்ட் தோடோ கடையிலேயே கண்ணைப் பறித்தது, அப்படியென்றால் கல்லுக்குள் ஒளி என்னதான் செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒளியைப் பற்றிக் கேட்டாலும், உள்ளுக்குள் உங்களை அரிப்பது வேறொன்று என்று நினைக்கிறேன்: அம்மாவின் கல் அசல்தானா? ரத்தினவியல் படித்துவிட்டுப் பல வருடங்களாகக் கல் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். இதே சந்தேகத்தோடு வருகிறவர்கள் நிறைய. கல்லைக் கையில் வாங்கிப் பார்க்காமல், நீங்கள் போட்டிருக்கும் போட்டோவை வைத்து அசல், போலி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். டாலடிப்பது வைரத்துக்கு அத்தாட்சி இல்லை, மங்கலாக இருப்பது போலிக்கும் அத்தாட்சி இல்லை. காரணம் முழுக்க ஒளியில்தான் இருக்கிறது.

கல்லின் மேல் விழும் ஒளியில் ஒரு பங்கு உள்ளே போகாமலே திரும்பிவிடும். ஜன்னல் கண்ணாடியில் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் இப்படித் திரும்பும். வைரத்தில் அது 17 சதவீதம். வைரத்தின் மேற்பரப்புக்கு உலோகத்தை நெருங்கும் ஒரு மினுக்கு இருப்பது இதனால்தான். மீதி ஒளி உள்ளே போய் வேகம் குறைகிறது. வெளியில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுவது, வைரத்துக்குள் ஏறக்குறைய 1.24 லட்சம் கிலோமீட்டராகிறது. இந்த இரண்டு வேகங்களின் விகிதம்தான் பள்ளியில் படித்த ஒளிவிலகல் எண். வைரத்துக்கு 2.417, நீலம், மாணிக்கம் இரண்டுக்கும் 1.76 முதல் 1.77 வரை, ஸ்படிகத்துக்கு 1.55, சாதாரணக் கண்ணாடிக்கு 1.52. அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கப்படும் க்யூபிக் சிர்கோனியாவுக்குச் சுமார் 2.17. உங்கள் தோடு ஏன் அவ்வளவு நன்றாக இருந்தது என்பதற்குப் பாதி பதில் இந்தக் கடைசி எண்ணிலேயே இருக்கிறது. அது கண்ணாடியைவிட வைரத்துக்குத்தான் பக்கம்.

உள்ளே போன ஒளி வெளியே வருவதில்தான் விஷயமே இருக்கிறது. கிணற்றில் முங்கிக் கண்ணைத் திறந்து மேலே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: தலைக்கு நேர் மேலே ஒரு வட்டத்துக்குள் மட்டும் வானம் தெரியும், அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி கிணற்றின் உட்சுவரையே திருப்பிக் காட்டும். நீருக்குள்ளிருந்து சாய்வாகப் போகும் ஒளி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் வெளியேற முடியாது, முழுதாக உள்ளேயே திரும்பிவிடும். இதுதான் முழு அக எதிரொளிப்பு. அந்த எல்லைக்கு மாறுநிலைக் கோணம் என்று பெயர். தண்ணீருக்குச் சுமார் 48 அரை டிகிரி, கண்ணாடிக்கு 41, நீலக்கல்லுக்கு 34 அரை, க்யூபிக் சிர்கோனியாவுக்கு 27 சொச்சம், வைரத்துக்கு 24.4. கோணம் குறையக் குறைய வெளியேறும் வாசல் குறுகுகிறது. வைரத்தின் உட்புறத்தில் ஒரு பட்டையை அடையும் ஒளி, அந்தப் பட்டைக்குச் செங்குத்தான திசையிலிருந்து 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் நிச்சயமாகத் திரும்பித்தான் ஆக வேண்டும். அந்தத் திரும்பலில் நஷ்டமே கிடையாது. வெள்ளி பூசிய கண்ணாடிகூட ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஒளியைத் தின்றுவிடும். இங்கே அதுவும் இல்லை.

வைரம் ஒளியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று விளம்பரங்களில் எழுதுவார்கள். அப்படி எதுவும் இல்லை. ஒரு கேரட் கல்லுக்குள் ஒளி சுற்றிவிட்டு வெளியே வர ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. கல் செய்வதெல்லாம், உள்ளே வந்த ஒளி எந்த வழியாக, எந்தத் திசையில் வெளியே போக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான். அதையும் கல்லாகச் செய்வதில்லை, பட்டை தீட்டுபவர் தீர்மானித்துக் கொடுக்கிறார்.

வட்டமான நவீன வைரத்தை எடுத்துக்கொள்வோம். மேலே தட்டையான ஒரு பெரிய பட்டை, அதற்கு டேபிள் என்று பெயர். அதைச் சுற்றிச் சரிவான மேல் பட்டைகள், கீழே கூம்பு மாதிரி குறுகும் அடிப்பட்டைகள், மொத்தம் 57. அடியின் முனையையும் சின்னதாகத் தீட்டினால் 58. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் வைரத் தொழில் குடும்பத்தில் பிறந்த மார்சல் டோல்கோவ்ஸ்கி என்ற பொறியாளர், இந்தக் கோணங்களுக்கான கணக்கை 1919இல் புத்தகமாகப் போட்டார். அடிப்பட்டையின் சரிவு 40.75 டிகிரி, மேல் பட்டையின் சரிவு 34.5 டிகிரி, டேபிளின் அகலம் கல்லின் விட்டத்தில் 53 சதவீதம். டேபிள் வழியாக நேர் கீழாக இறங்கும் ஒரு கதிரைப் பின்தொடர்ந்து பாருங்கள். முதல் அடிப்பட்டையை 40.75 டிகிரியில் தொடுகிறது. வாசல் 24.4 தான் என்பதால் வெளியேற முடியாமல் எதிர்ப்பக்கம் போகிறது. அங்கே இருக்கும் பட்டையை 57.75 டிகிரியில் தொடுகிறது. அங்கேயும் முடியவில்லை. மேல்நோக்கித் திரும்பி, இந்த முறை டேபிளை வெறும் 17 டிகிரி சாய்வில் அடைகிறது. வாசல் திறந்திருக்கிறது, வெளியே வந்து உங்கள் கண்ணுக்குச் சேர்கிறது. இதே வடிவத்தில் ஒரு கண்ணாடித் துண்டைத் தீட்டினால், அதன் வாசல் 41 டிகிரி வரை திறந்திருப்பதால் முதல் பட்டையிலேயே கொஞ்சம் ஒளி அடிவழியே ஒழுகிவிடும். கண்ணாடிக் கல் நடுவில் வெறுமையாகத் தெரிவது இதனால்தான்.

அடிப்பக்கம் ரொம்பத் தட்டையாக இருந்தால் கல்லின் இடுப்பு விளிம்பு உள்ளே பிரதிபலித்து, டேபிளுக்குள் சாம்பல் நிற வளையம் விழும், மீன் கண் மாதிரி இருப்பதால் அப்படியே பெயர் வைத்துவிட்டார்கள். ரொம்ப ஆழமாக இருந்தால் நடு இருண்டு ஆணித்தலை போல ஆகும். இதுவரை சொன்னதில் சர்ச்சை எதுவும் இல்லை. சர்ச்சை எங்கே என்றால், டோல்கோவ்ஸ்கியின் எண்கள்தான் உத்தமம், மற்றதெல்லாம் மட்டம் என்று சில வியாபாரிகள் அடித்துச் சொல்வதில். அவர் கல்லின் குறுக்குவெட்டை மட்டும் எடுத்துத் தாளில் போட்ட கணக்கு அது. பிற்பாடு அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜிஐஏ, கம்ப்யூட்டரில் முழு உருவத்தையும் வைத்துக் கணக்கிட்டு, ஆட்களைக் கொண்டு கற்களைப் பார்க்க வைத்தும் ஆராய்ந்தது. வெவ்வேறு அளவுச் சேர்க்கைகளும் அதே அளவுக்கு நன்றாக இருக்க முடியும் என்பதுதான் அதன் முடிவு. 2006 முதல் அவர்கள் வட்டக் கல்லுக்குத் தரும் வெட்டுத் தரம் அந்த அடிப்படையில்தான். என் அனுபவமும் அதுவே.

வெட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கோஹினூர். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் அதை வைத்தார்கள். கூட்டம் முண்டியடித்துப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பியது. சுற்றிலும் கேஸ் விளக்கும் கண்ணாடியும் வைத்துப் பார்த்தும் பெரிதாக எடுபடவில்லை. கல்லில் குறை இல்லாமல் இல்லை, ஆனால் அடிப்படைக் காரணம் வெட்டு. நம் நாட்டுப் பழைய முறையில் எடையும் உருவமும்தான் முதல், கல்லை வீணாக்காமல் மேலே மட்டும் பட்டை போடுவார்கள். ஒளி உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை. விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் ஒளியியல் அறிஞர் டேவிட் ப்ரூஸ்டர் வரைக்கும் கேட்டுவிட்டு, 1852இல் நெதர்லாந்திலிருந்து ஆள் வரவழைத்து மறுபடி தீட்டினார். இன்றைய கேரட் கணக்கில் 191 இருந்தது 105.6 ஆனது. கிட்டத்தட்ட பாதிக் கல் பொடியாகப் போனது. அதற்கப்புறமும் அடிமுனை அகலமாக இருப்பதால் நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறுப்பு ஓட்டை தெரியும் என்பார்கள். அவ்வளவு எடையை இழக்க வேண்டியிருந்ததா என்பது வேறு விவாதம், எனக்கு அதில் வருத்தம்தான்.

வெள்ளையாக ஒளி திரும்புவது ஒரு பக்கம். சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தெறிக்கிறதே, அது இன்னொன்று. ஒளிவிலகல் எண் எல்லா நிறத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. வைரத்தில் சிவப்புக்கு 2.407, ஊதாவுக்கு 2.451. இந்த 0.044 வித்தியாசம்தான் வெள்ளை ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கிறது. பிரிவது பெரும்பாலும் ஒளி வெளியேறும் இடத்தில், அதுவும் வாசலின் விளிம்பை ஒட்டிச் சாய்வாக வெளியேறும்போது அதிகம். மேல் பட்டைகள் சரிவாக இருப்பதன் பயன் இது. டேபிளைப் பெரிதாக்கிவிட்டால் வெள்ளை வெளிச்சம் நிறைய வரும், வர்ணம் குறையும். க்யூபிக் சிர்கோனியாவில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 0.06, அதாவது வைரத்தைவிட அதிகம். மோய்சனைட் என்று வைரம் மாதிரியே இருக்கும் செயற்கைக் கல் இப்போது நிறைய விற்கிறதே, அதில் 0.104, வைரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆக உங்கள் அமெரிக்கன் டைமண்ட் அதிக வர்ணம் காட்டியது உங்கள் பிரமை இல்லை. வைரம் இந்தப் போட்டியில் உண்மையிலேயே தோற்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கல்லின் முகத்தில் அடித்து, எதிரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளில் சிறுசிறு வண்ணப் புள்ளிகள் சிதறும். தாளைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் புள்ளிகள் வெள்ளையாகிவிடும், தள்ளிப் பிடித்தால் நிறங்கள் விரியும். நிறங்கள் கண்மணியின் அகலத்தைவிட அதிகமாக விரிந்த பிறகுதான் கண்ணுக்குள் ஒரு நிறம் மட்டும் நுழைகிறது, அப்போதுதான் அது சுத்தமான சிவப்பாகவோ நீலமாகவோ தெரியும். அதனால் தோட்டின் வர்ணத்தை எதிரே சற்றுத் தள்ளி நிற்பவர்தான் நன்றாக ரசிக்க முடியும்.

டார்ச் ஒற்றைப் புள்ளியாக எரிவதால்தான் இது வேலை செய்கிறது. ட்யூப் லைட் வெளிச்சமோ மேகம் மூடிய வானமோ எல்லாத் திசையிலிருந்தும் ஒளியை அனுப்பும். ஒரு திசையிலிருந்து வந்த சிவப்பின் மேல் இன்னொரு திசையிலிருந்து வந்த பச்சை விழுந்து, எல்லாம் சேர்ந்து பழையபடி வெள்ளையாகிவிடும். நகைக்கடைக் கூரையில் சின்னச் சின்ன ஸ்பாட் லைட்டாக நிரப்பி வைத்திருப்பது எதற்கென்று இப்போது புரிந்திருக்கும். அந்த வெளிச்சத்தில் எந்தக் கல்லும் டாலடிக்கும். கடையில் கல் பார்க்கிறவர்கள் ஒருமுறை அதை வாசல் பக்கம் எடுத்துப்போய் நிழல் வெளிச்சத்திலும் பாருங்கள். நல்ல வெட்டு அங்கேயும் உயிரோடு இருக்கும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற கைலென்ஸில் ஒரு நல்ல வைரத்தை நேராகப் பார்த்தால் அது முழுக்க வெள்ளையாக இருக்காது. கண்ணைக் கூசும் வெள்ளைத் துண்டுகளுக்கு நடுவே அப்பட்டமான கறுப்புத் துண்டுகள் இருக்கும். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி நீங்கள்தான்: உங்கள் தலை மறைத்த திசையிலிருந்து கல்லுக்கு ஒளி வரவில்லை, அந்த இருட்டைத்தான் கல் திருப்பிக் காட்டுகிறது. இம்மியளவு சாய்த்தால் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். டால் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த மாற்றம். ஒரே சீராக வெளிச்சத்தைத் திருப்பும் கல் பால் வெள்ளையாக, சப்பென்று இருக்கும். மூக்குத்தியும் தோடும் மோதிரத்தைவிட அதிகமாக மின்னுவது தலை ஓயாமல் அசைவதால்தான். கல் சின்னதாக இருக்கும்போது 57 பட்டையும் போட்டால் ஒவ்வொரு மின்னலும் கண்ணுக்குப் பிரித்துத் தெரியாத அளவுக்குப் பொடிந்துவிடும். பொடிக்கற்களுக்குப் பழைய காலத்தில் 17 பட்டையோடு நிறுத்திக்கொண்டதில் ஒரு நியாயம் இருக்கிறது.

சரி, அம்மாவின் தோட்டுக்கு வருவோம். நான் முதலில் சந்தேகப்படுவது அழுக்கை. வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் உயிர். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கிரீஸ் தடவிய மேசை மேல் தண்ணீரோடு சரளையை ஓடவிட்டு, ஒட்டிக்கொண்ட வைரங்களை மட்டும் சுரண்டி எடுத்தார்கள். தலைக்கு வைக்கும் எண்ணெய், சோப்பு, பவுடர் எல்லாம் வருடக்கணக்கில் தோட்டின் பின்பக்கம் படிந்தால் என்ன ஆகும்? கல்லுக்கு வெளியே காற்று இருந்தபோது வாசல் 24.4 டிகிரி. எண்ணெய்ப் படலம் ஒட்டிய இடத்தில் அது சுமார் 37 டிகிரியாக அகன்றுவிடும். நேராக இறங்கும் கதிர் எப்படியோ தப்பித்துத் திரும்பிவிடும், சாய்வாக வருபவை பின்வழியாக ஒழுகி அழுக்கில் போய் மடியும். முகத்தை மட்டும் துணியால் துடைத்துவிட்டுக் கல் மங்கிவிட்டது என்று சொல்கிறவர்கள் அதிகம். பின்பக்கம்தான் முக்கியம்.

அடுத்தது கட்டும் வெட்டும். பழைய தோடுகள் பல, பின்பக்கம் மூடிய க்ளோஸ் செட்டிங்கில் இருக்கும். சிலவற்றில் கல்லுக்கு அடியில் தகடும் வைத்திருப்பார்கள். உள்ளே ஈரம் புகுந்து தகடு கறுத்தால் கல்லும் கறுத்துத் தெரியும். வெட்டும் பழையதாக இருந்தால் சின்ன டேபிள், உயரமான மேல்பாகம், அகலமான பெரிய பட்டைகள் என்று இருக்கும். ட்யூப் லைட்டில் அது சோர்ந்து தெரியும். விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், அகல அகலமாக வர்ணம் அடிக்கும். எனக்கு இன்றைய கல்லைவிட அதுதான் பிடிக்கும், இது என் சொந்த ரசனை. உங்கள் அமெரிக்கன் டைமண்ட் இன்று புதிது, வைரத்துக்கு 10 என்று வைக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் 8 முதல் 8 அரை. தினமும் போட்டால் சில வருடங்களில் பட்டைகளின் விளிம்பு மழுங்கி, மேலே கீறல் விழும். வைரத்தின் விளிம்பு தலைமுறை தாண்டியும் பெரும்பாலும் கத்தி மாதிரி நிற்கும். லூப்பில் நாங்கள் முதலில் பார்ப்பதில் இதுவும் ஒன்று.

வைரத்தைப் போல மின்னி ஏமாற்றிய கற்கள் புதிதல்ல. இலங்கையின் மாத்தறையிலிருந்து வந்த நிறமற்ற சிர்கான் கற்கள் மாத்தறை வைரம் என்ற பெயரிலேயே விற்றன. அது இயற்கைக் கல், க்யூபிக் சிர்கோனியாவுக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான். அதன் நிறப்பிரிகை, அதாவது சிவப்புக்கும் ஊதாவுக்குமான எண் வித்தியாசம், 0.039, வைரத்தை ஒட்டியது. ஆனால் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் குணம் அதற்கு உண்டு. டேபிள் வழியாக உள்ளே பார்த்தால் அடிப்பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும். மோய்சனைட்டுக்கும் இதே குணம் உண்டு. வைரத்தில் ஒற்றைக் கோடுதான்.

கல் தானாக ஒளிவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பொதுவாக இல்லை, வாங்கியதைத்தான் திருப்பித் தரும். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. சில வைரங்கள் புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் பெங்களூரில் பல வருடம் இதை ஆராய்ந்தார். இந்த ஒளிர்வு கல்லின் அழகைக் கெடுக்குமா, கூட்டுமா என்பதில் வியாபாரத்தில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஜிஐஏ 1997இல் வெளியிட்ட ஆய்வில் சாதாரணப் பார்வையாளர்களால் வித்தியாசமே சொல்ல முடியவில்லை. நம் கடைகளில் ப்ளூ ஜாகர் என்று சொல்லி விலை கூட்டுவார்கள். அந்தப் பெயருக்குக் காரணமான தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கம் 1971லேயே மூடப்பட்டுவிட்டது. பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள், கல்லைப் பாருங்கள். மாணிக்கம் இன்னும் சுவாரஸ்யம்: அதிலுள்ள குரோமியம் பச்சையையும் ஊதாவையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை உமிழும். இரும்பு குறைவான பர்மா மாணிக்கம் வெயிலில் கங்கு போலத் தெரிவது அதனால்தான். வண்ணக் கற்களில் டாலைவிட நிறம்தான் விலை என்பதால் வெட்டின் நோக்கமே மாறிவிடும். இலங்கையின் இரத்தினபுரியில் நீலக்கல் தீட்டுபவர்கள், கல்லில் நீலம் ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அந்த மூலை அடிமுனையில் வரும்படி திருப்பி வைத்துத் தீட்டுவார்கள். பக்கவாட்டில் பார்த்தால் வெறும் நீர் நிறம், முகத்தில் பார்த்தால் முழுக் கல்லும் நீலம். எல்லாக் கதிரும் அந்த மூலையைத் தொட்டுவிட்டுத் திரும்புவதன் விளைவு அது.

இப்போது செய்ய வேண்டியது. தோட்டின் பின்பக்கம் திறந்திருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் பின்பக்கத்திலிருந்து தேயுங்கள். வாஷ்பேசினில் அல்ல, கிண்ணத்தில். பின்பக்கம் மூடியிருந்தால் தண்ணீரில் போடவே வேண்டாம், பழைய கட்டு தெரிந்த ஆசாரியிடம் கொடுங்கள். கூடவே மரகதமோ முத்தோ பதித்திருந்தால் இந்த வைத்தியம் எதுவும் கூடாது. அசலா என்பதற்குக் கடையில் இருக்கும் பேனா போன்ற வெப்பக் கருவி அமெரிக்கன் டைமண்டைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் மோய்சனைட்டை வைரம் என்றே சொல்லிவிடும். அங்கே லூப்பில் கல்லைச் சற்றுச் சாய்த்துப் பார்த்து அந்த இரட்டைக் கோட்டைத் தேட வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமா என்ற கேள்விக்கு இந்த இரண்டும் உதவாது, ஒளியியல் ரீதியாக இரண்டும் ஒரே பொருள், நிறமாலைக் கருவி உள்ள ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். அம்மா அந்தத் தோட்டை எந்தக் காலத்தில் வாங்கினார் என்று தெரிந்தால் எழுதுங்கள். 1970களுக்கு முன்பு என்றால் க்யூபிக் சிர்கோனியா என்ற சந்தேகத்தை அநேகமாக விட்டுவிடலாம், அது நகைக்கல்லாகச் சந்தைக்கு வந்ததே அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான்.